விறகடுப்புக்கு மேலே எந்தப் புகைக்கூண்டு?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் வீடு கட்டுகிறோம். பின்கட்டில் ஒரு விறகடுப்பு வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. களி கிண்டவும் ஆகும், மார்கழியில் குளிர் காயவும் ஆகும். அடுப்பு மேடை 3 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரம். ஓசூர் கடையில் பார்த்த மின்சாரச் சிம்னியை மாட்டலாமா, தகட்டில் புகைக்கூண்டு செய்வதா?

பதில்: மின்சாரச் சிம்னி வேண்டாம். அது கேஸ் அடுப்புக்காகச் செய்தது. விறகின் கரி அதன் வடிகட்டியை அடைத்துவிடும், சூட்டில் மோட்டாரும் சீக்கிரம் போய்விடும். உள்ளே படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பொறி விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும். தகட்டுக் கூண்டே சரி.

ஆனால் கூண்டைவிடக் குழாயில் கவனம் வையுங்கள். கூண்டு புகையைக் கூட்டி வைக்கிற இடம் மட்டுமே. இழுப்பது குழாய்தான். உள்ளே இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட லேசாக இருப்பதால் மேலே ஏறுகிறது, குழாய் உயர உயர இழுவையும் கூடுகிறது. பெரிய கூண்டைச் செய்து அதன் தலையில் 4 அங்குலக் குழாயைச் செருகினால் புகை வீட்டுக்குள்தான் திரும்பும்.

குழாயின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. மேடைக்கும் கூண்டின் அடி விளிம்புக்கும் நடுவே திறந்திருக்கும் பரப்பில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு குழாயின் வாய்ப் பரப்பாக இருக்க வேண்டும். களிப் பானையும் துடுப்பும் புழங்க 3 அடி இடைவெளி விடுங்கள். முன்பக்கமும் இரு பக்கங்களும் திறந்திருந்தால் மொத்தம் 21 சதுர அடி. அதற்கு 20 அங்குல விட்டமுள்ள குழாய் கேட்கும். இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பிவிட்டால் 9 சதுர அடிதான், 13 அங்குலம் போதும். என்னைக் கேட்டால் அந்த இரண்டு சுவரையும் கட்டாயம் எழுப்புங்கள். பக்கக் காற்றடித்துப் புகை சிதறுவதும் நின்றுவிடும்.

கூண்டின் முன் விளிம்பு மேடையைத் தாண்டி அரை அடி நீளட்டும். அம்மாவை அங்கே நிற்க வைத்து, நெற்றியில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகு உயரத்தை முடிவு செய்யுங்கள். கூண்டின் சரிவு 45 டிகிரிக்குக் குறையக் கூடாது. படுத்த சரிவில் புகை தேங்கும்.

தகட்டுக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) விலை குறைவுதான், ஆனால் தீ நாக்கு படும் இடத்தில் அந்தப் பூச்சு தாங்காது. பி.வி.சி. குழாயோ ஆஸ்பெஸ்டாஸ் குழாயோ யார் சொன்னாலும் வேண்டாம்.

குழாய் நேராகப் போகட்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயரட்டும், 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி மேலே நிற்கட்டும். மேலே மழைத்தொப்பி போடுங்கள். ஓட்டுக் கூரை என்றால், ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரச்சட்டங்களுக்கும் ஒன்றரை அடி இடைவெளி அவசியம்.

மாந்தோப்பில் கழித்த கிளைகளைப் பச்சையாக எரிக்காதீர்கள். ஈரவிறகின் புகை குழாய்க்குள் தார் போலப் படியும், ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். பிளந்து அடுக்கி ஆறு மாதமாவது காயவையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை குழாயைத் துலக்க அடியில் சின்னக் கதவு ஒன்று வைத்துவிடுங்கள்.

அப்புறம், குளிர் காய்கிறோம் என்று எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள். மேலே போகிற காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து காற்று வர வேண்டும். மேடை உயரத்துக்குக் கீழே ஒரு காற்றுத் துளை விடுங்கள். புகையே தெரியாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தணல் முழுதும் அணைந்த பிறகே அம்மா அந்த அறையில் படுக்கட்டும்.