சிறுநீரகக் கல்: புளியரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வந்த கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து தமிழக எல்லையான புளியரை ஏறி, கேரளப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை உள்ள நம் ஆட்கள் எழுதிய கேள்விகள் இவை. லாரி ஓட்டுகிறவர்கள், ரப்பர் வெட்டுகிறவர்கள்தான் அதிகம். நாள் முழுக்க வியர்த்து, தண்ணீரை மறந்துவிடும் வேலைகள். அதனால்தான் இவ்வளவு கல்.

போன வருடம் இடுப்பில் வலி வந்தது. கல்லுருக்கிச் செடி அரைத்துக் குடித்தேன், நின்றுவிட்டது. இப்போது ஸ்கேனில் 24 மி.மீ. கல் என்கிறார்கள். வலியே இல்லாதபோது ஆபரேஷன் எதற்கு டாக்டர்?
லாரி ஓட்டுநர், புளியரை

வலி நின்றுவிட்டதாலேயே கல் போய்விட்டதாக அர்த்தமில்லை. கல் இறங்கி சிறுநீர்க் குழாயை அடைக்கும்போதுதான் அந்த உயிர்போகிற வலி வரும். சிறுநீரகத்துக்குள்ளேயே உட்கார்ந்து வளரும் கல் பல மாதம் சத்தமே போடாது. சிறுநீரகம் வீங்கி வேலை குறைந்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் “வலி இல்லையே” என்று இருந்தவர்கள்தான்.

நான்கைந்து மி.மீ. கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். அப்போது குடித்த கஷாயம்தான் அதைக் கரைத்தது என்று நம்பிவிடுகிறோம். 24 மி.மீ. கல் அந்தக் குழாயில் இறங்கவே இறங்காது. 20 மி.மீ.-ஐத் தாண்டிய கல்லுக்கு முதுகில் துளையிட்டு எடுக்கும் பி.சி.என்.எல்.தான் முதல் தேர்வு. அதிர்வலை சிகிச்சையும் மூத்திரப் பாதை வழியாகப் போகும் லேசரும் அதைவிடச் சிறிய கல்லுக்கு நன்றாகப் பயன்படும். இடையில் வலியோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் சேர்ந்து வந்தால் லோடு இறக்கும்வரை காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

முதுகில் துளை போட்டால் சிறுநீரகம் கெட்டுவிடாதா? உள்ளே என்னதான் செய்கிறீர்கள்?
ஆரியங்காவு

சொல்கிறேன், தெரிந்துகொண்டால் பயம் குறையும். மயக்கம் கொடுத்து, முதலில் மூத்திரப் பாதை வழியாக மெல்லிய குழாயை மேலே அனுப்புவோம். அதில் மருந்துச் சாயம் செலுத்தினால் சிறுநீரகத்தின் உட்புறம் எக்ஸ்ரே திரையில் மரக்கிளைபோலத் தெரியும். பிறகு குப்புறப் படுக்கவைத்து, கடைசி விலாவுக்குக் கீழே நீண்ட ஊசியால் அந்தக் கிளைகளில் ஒன்றின் நுனியைத் தொட வேண்டும். இந்த ஒரு குத்துதான் முழு ஆபரேஷனும். அது சரியாக விழுந்தால் பெரிய ரத்தநாளங்கள் தப்பும்.

ஊசி வழியே கம்பி, கம்பியின் மேல் படிப்படியாகப் பெரிதாகும் குழாய்கள். முடிவில் 8 முதல் 10 மி.மீ. அகலத்தில் ஒரு வழி கிடைக்கும். மினி முறையில் ஐந்தாறு மி.மீ. போதும். கேமராவை உள்ளே விட்டால் கல் திரையில் பெரிதாகத் தெரியும். சில கருப்பட்டி நிறத்தில் இறுகிக் கிடக்கும், சில சுண்ணாம்புக் கட்டிபோலத் தொட்டாலே உதிரும். உடைத்து, துண்டு துண்டாக எடுத்து, உப்புநீரால் கழுவி விடுவோம். 1976-ல் ஸ்வீடனில் பெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் என்ற இரு மருத்துவர்கள் இந்த வழியை முதலில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு விலாப் பக்கம் ஒரு சாண் கிழித்துத்தான் கல்லை எடுத்தார்கள்.

துளை ஆறிவிடும், சிறுநீரகத்தில் சிறு தழும்பு மட்டும் மிஞ்சும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ரத்தக்கசிவு, காய்ச்சல், சில துண்டுகள் மிச்சமாவது எல்லாம் உண்டு. வீட்டுக்குப் போய் பத்து நாள் கழித்துக்கூட சிலருக்குச் சிறுநீர் ரத்தமாகக் கட்டியோடு போகும். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் வந்துவிடுங்கள்.

இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறேன்.
தென்மலை

இவை ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், ஆபரேஷனில் ரத்தக்கசிவு கூடலாம். அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரும் நாங்களும் சேர்ந்து முடிவு செய்வோம்.

கொலஸ்ட்ராலுக்கு இரும்பன்புளி (பிலிம்பிக் காய்) சாறு நல்லது என்று பக்கத்து வீட்டுச் சேச்சி சொன்னார். எனக்கு ஏற்கெனவே கல் உண்டு.
புனலூர்

குடிக்கவே கூடாது. மீன்குழம்பில் இரண்டு காய் போடுவதற்கும் பச்சைச் சாற்றை டம்ளர் கணக்கில் குடிப்பதற்கும் மலையளவு வித்தியாசம். அதில் ஆக்ஸலேட் மிக அதிகம், அது சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். இந்தச் சாற்றால் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி 2013-ல் கேரள மருத்துவர்கள் எழுதினார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. சேச்சியிடமும் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். அடிக்கடி மூத்திரம் வருகிறது, போகும்போது இடுப்பில் சுண்டுகிறது. உள்ளே ஏதோ டியூப் இருக்கிறதாமே?
ரப்பர் வெட்டும் தொழிலாளி, குளத்துப்புழை

இருக்கும். டி.ஜே. ஸ்டென்ட் என்று பெயர். இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாய், ஒரு முனை சிறுநீரகத்தில், மறுமுனை மூத்திரப்பையில். வீக்கம் வடியும்வரை சிறுநீர் தடையின்றி இறங்கத்தான் அதை வைக்கிறோம். நீங்கள் சொல்லும் தொந்தரவு அதனால்தான். ஆனால் அது உள்ளேயே இருக்க வேண்டியதல்ல. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் நான் எடுத்துவிடுவேன். மரத்துப்போகும் ஜெல்லி தடவி, கேமராவை விட்டு இழுத்தால் சில நிமிட வேலை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எல்லை தாண்டிப் போய் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் இரண்டு வருடம் கழித்து என்னிடம் வந்தார். டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது, வாயால் சொன்னது மலையாளத்தில். அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும். டியூபைப் பற்றி யாருமே அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. குழாய் முழுக்கக் கல் படிந்து, குச்சியில் சுற்றிய கற்கண்டுபோல இருந்தது. அதை வெளியே எடுக்க மறுபடி முதுகில் துளை போட வேண்டியிருந்தது. அந்த வேதனை அவருக்கு வந்திருக்கவே வேண்டாம். வீட்டுக்குக் கிளம்பும்முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: “உள்ளே டியூப் இருக்கிறதா? எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?” அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். ரப்பர் பால் கேன் தூக்குவது, மேட்டில் ஏறுவதெல்லாம் ஒரு மாதம் வேண்டாம்.

எடுத்த கல்லைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார்கள். தூக்கி எறிந்துவிடலாமா?
செங்கோட்டை

எறியாதீர்கள். நிழலில் உலர்த்தி, சிறு பாட்டிலில் போட்டு ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். கால்சியம் ஆக்ஸலேட் கல்லென்றால் உப்பையும் பாலக்கீரையையும் குறைக்கச் சொல்வோம், பாலை நிறுத்தச் சொல்லமாட்டோம். யூரிக் அமிலக் கல்லென்றால் கறி, ஈரல், மத்தி மீனைக் குறைத்து மருந்தும் தரலாம். எந்தக் கல்லானாலும் ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். தோட்டத்துக்குப் போகும்போதே ஒரு கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.