ஊசி போட்டும் சிறுநீர்க் குழாய்த் தொற்று ஏன் திரும்பி வருகிறது?

சென்னை மருத்துவமனையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்தியதும் காய்ச்சல் திரும்பிவிட்டது, இப்போது சிறுநீர் வடிய வைத்திருக்கும் குழாயையே (கதீட்டர்) மாற்றச் சொல்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் சொல்வது சரிதான்.

குழாயின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பிசுபிசுப்புக்குள் கூட்டமாக வாழ்கின்றன. இதுதான் பயோஃபிலிம். தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் கையில் வழுக்குமே, அதே மாதிரிப் படலம். சிறுநீரில் மிதக்கும் கிருமிகளை மருந்து கொன்றுவிடும், காய்ச்சலும் குறையும். ஆனால் படலத்தின் அடியில் இருப்பவை உணவும் ஆக்சிஜனும் குறைந்து வளராமல் கிடக்கின்றன. பென்சிலின் வகை மருந்துகள் வளரும் கிருமி செல்சுவர் கட்டுவதைத்தான் தடுக்கும்; வளராததை என்ன செய்யும்? படலத்துக்குள் இருப்பதைக் கொல்ல 1000 மடங்கு வரைகூட மருந்து தேவைப்படலாம். உடம்பு தாங்காது. அதனால்தான் படலத்தோடு குழாயையே மாற்றச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, நெருங்கி வாழும் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களையும் கைமாற்றிக்கொள்கின்றன. எனக்கு இதுதான் பெரிய கவலை. 2012-ல் இந்திய மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டதே மருந்து எதிர்ப்பைச் சமாளிக்கத்தான்.

கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, புதுக் குழாயிலிருந்து சிறுநீர் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள், தயங்காதீர்கள்.