கனடாவின் வடக்கில் பால்வினை நோய்கள் – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

தொற்றுநோய்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் மகள் தாதியாகப் பணிபுரிகிறாள். அடுத்த மாதம் ஆறு வார ஒப்பந்தத்தில் கனடாவின் வடகோடிப் பிரதேசமான நூனவுட்டில் உள்ள சிறிய ஊர் ஒன்றின் சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். அங்கே கிளமிடியாவும் கொனோரியாவும் தெற்கை விடப் பல மடங்கு அதிகம் என்றும், சிபிலிசும் ஆண்டுக்கணக்காக அடங்காமல் இருக்கிறது என்றும் சொன்னாள். பரிசோதனை இலவசம், மருந்து இலவசம், ஆணுறையும் இலவசம். அரசு இவ்வளவு செய்தும் நோய் குறையவில்லை என்றால் அந்த மக்களின் வாழ்க்கை முறையில்தானே கோளாறு? இதற்கு மேல் அரசு என்னதான் செய்ய முடியும்?

க., ஸ்கார்பரோ

அன்புள்ள க.,

உங்கள் கடைசிக் கேள்வி எனக்கும் உள்ள கேள்விதான். அதற்கு முந்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. சிபிலிசுக்குத் தமிழில் பறங்கிப்புண் என்று ஒரு பழைய பெயர் உண்டு. கடல் கடந்து வந்த பறங்கியர் கொண்டுவந்த நோய் என்று நம் முன்னோர் கருதினார்கள். ஐரோப்பாவிலோ இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ஐந்நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு சமூகமும் இந்த நோயை அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. ‘அந்த மக்களின் வாழ்க்கை முறை’ என்று நாம் சொல்லும்போதும் அதையேதான் செய்கிறோம்.

நூனவுட்டில் 25 ஊர்கள் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் 36,858 பேர். ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கும் சாலை கிடையாது; விமானம்தான் வழி. பெரும்பாலான ஊர்களில் நிரந்தர மருத்துவர் இல்லை, சுகாதார நிலையத்தை நடத்துபவர்கள் செவிலியர்களே. அப்படிப்பட்ட ஊரில் ஓர் இளைஞரிடமிருந்து எடுத்த இரத்தத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். செவிலியர் அதைச் சுழற்றித் தெளிநீரைப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கிறார். பனிப்புயல் அடித்தால் விமானம் வராது. சிபிலிசை உறுதிசெய்யும் சோதனைகள் தொலைவில் உள்ள நகரத்து ஆய்வகத்தில் நடக்க வேண்டும், முடிவு திரும்பிவர நாள்கள் ஆகும், சில நேரம் வாரங்களும் ஆகும். அதற்குள் அந்த இளைஞர் குடும்பத்தோடு வேட்டை முகாமுக்குப் போயிருப்பார், அல்லது சுரங்க வேலைக்குத் திரும்பியிருப்பார். இரத்தம் எடுத்த செவிலியரின் ஒப்பந்தமும் முடிந்து, முடிவைப் படித்துப் பார்ப்பவர் அந்த இளைஞரின் முகத்தையே அறியாத வேறொருவராக இருப்பார்.

நோயின் இயல்பும் இந்தத் தாமதத்துக்குத் துணைபோகிறது. சிபிலிசின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானே ஆறிவிடும், ஆறியதும் நோயாளி குணமாகிவிட்டதாக நம்பிவிடுவார். கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே வலி வந்து நோயாளி தானாகக் கதவைத் தட்டுவார் என்று அரசு காத்திருக்க முடியாது.

மருந்துக்குக் குறைவு சொல்ல முடியாது. தொடக்கநிலைச் சிபிலிசுக்கு பென்சதின் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இரு பிட்டங்களிலும் பாதிப் பாதியாக, ஒரே நாளில் போட்டால் போதும். வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் அந்த மருந்தைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்து, மெல்லச் செலுத்த வேண்டும், நன்றாகவே வலிக்கும். 1940களிலிருந்து பெனிசிலின்தான் இந்த நோய்க்கு மருந்து; இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்தக் கிருமி அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. இவ்வளவு எளிதில் தீரும் ஒரு நோயோடு 2022இல் கனடா முழுவதிலும் 117 குழந்தைகள் பிறந்தார்கள் என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அந்தத் தாய்களில் ஒவ்வொருவருக்கும் உரிய காலத்தில் பரிசோதனையும் ஊசியும் கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லோரையும் காப்பாற்றியிருக்கலாம்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. நூனவுட்டில் 2012இல் தொடங்கிய சிபிலிஸ் பரவலை ஒட்டிப் பரிசோதனைகள் கூட்டப்பட்டன. அண்டையிலுள்ள வடமேற்குப் பிரதேசங்களின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி 2019 ஆகஸ்டில் அங்கும் நோய்ப்பரவலை அறிவித்தார். கருவுற்ற பெண்களுக்கு ஒரு முறை பார்த்தால் போதாது, தொடக்கத்திலும் ஏழாம் மாத வாக்கிலும் பிரசவத்தின்போதும் பார்க்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது, 2023 மார்ச்சில் கனடா சுகாதாரத் துறை அனுமதித்த விரைவுச் சோதனை. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை முதல் குப்பியில் கலந்து சிறு வட்டத் தட்டில் ஊற்றுகிறார்கள். அடுத்து நீல நிறக் குப்பி, அதற்கடுத்து நிறத்தைக் கழுவும் தெளிந்த குப்பி. ஒரு நிமிடத்தில் நீலப் புள்ளிகள் தெரிகின்றன: ஒன்று சோதனை சரியாக நடந்ததைக் காட்டும், மற்றவை எச்.ஐ.வி.யையும் சிபிலிசையும். முன்பே சிபிலிசுக்குச் சிகிச்சை பெற்றவருக்கும் அதன் புள்ளி தெரியக்கூடும் என்பதால் இரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆனாலும் புள்ளி தெரிந்த அன்றே, அவர் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே ஊசியைப் போட்டுவிடலாம். வடக்கில் ஆண்டுக்கணக்காக நோயாளிகள் கைநழுவிப் போனது சோதனைக்கும் ஊசிக்கும் நடுவிலான இந்த இடைவெளியில்தான்.

விளம்பரங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல கருத்து இல்லை. நூனவுட் அரசின் பாலியல் நலப் பிரச்சாரத்துக்கு ‘என்னை நான் மதிக்கிறேன்’ என்று பெயர். நல்லெண்ணத்தோடு வைத்த பெயர்தான்; ஆனால் நோய் வந்த ஒரு பதினேழு வயதுப் பெண் அதைப் படித்தால், தன்னை மதிக்காததால்தான் தனக்கு இது வந்தது என்று எண்ணிக்கொள்ள மாட்டாளா? அதைவிட, வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃபில் 2012இல் வடக்கத்திப் பெண்களே தொடங்கிய ஃபாக்ஸி என்ற அமைப்பின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளி மாணவிகளை நாடகம் போடவைத்து, மணிகோக்கவைத்து, அதனூடே உடலையும் உறவையும் பற்றிப் பேசவைக்கிறார்கள். 2014இல் அவர்களுக்கு ஆர்க்டிக் இன்ஸ்பிரேஷன் பரிசாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தது. பின்னர் ஆண் பிள்ளைகளுக்கும் அதே வகைத் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. நோயாளிக்கு ஊசி போடுவதோடு வேலை முடிவதில்லை. அவரோடு உறவு கொண்டவர்களின் பெயர்களைக் கேட்டறிந்து அவர்களையும் அழைத்துப் பார்க்க வேண்டும். ஐந்நூறு பேர் வாழும் ஊரில் சுகாதார நிலைய வாசலில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் அத்தையாக இருக்கலாம், அங்குள்ள பூர்வகுடிகளான இன்யூட் மக்களின் மொழியான இனுக்டிடூட்டில் மொழிபெயர்ப்பவர் உங்கள் மனைவியின் தங்கையாக இருக்கலாம். அங்கே இரண்டு வாரங்களுக்கு முன் வந்திறங்கிய ஒரு செவிலியர், நீ யாரோடு படுத்தாய் என்று கேட்கிறார். நீங்களாக இருந்தால் சொல்வீர்களா? அந்த மக்களுக்குத் தயங்க இன்னொரு காரணமும் உண்டு. 1950களில் சி.டி. ஹோவ் என்ற அரசுக் கப்பல் கிழக்கு ஆர்க்டிக் கரையோரம் வந்து இன்யூட் மக்களுக்கு எக்ஸ்ரே எடுத்தது. காசநோய் என்று தெரிந்தவர்களில் பலரைக் கரையில் நின்ற பிள்ளைகளிடம் விடைபெறக்கூட இறங்கவிடாமல் தெற்கே மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பது பல குடும்பங்களுக்குச் சொல்லப்படவே இல்லை. இதற்காக அன்றைய பிரதமர் ட்ரூடோ நூனவுட்டின் தலைநகரான இகாலுவிட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டது 2019 மார்ச் 8 அன்றுதான். பாட்டி அப்படிப் போய்த் திரும்பாத ஒரு வீட்டில் வளர்ந்தவர், அரசு அனுப்பிய அந்நியரிடம் தன் உடலையும் தன் காதலர்களின் பெயர்களையும் ஒப்படைக்கத் தயங்குவதைக் கோளாறு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே, அரசு மேலும் என்ன செய்ய முடியும் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், ஆள்களைத் தங்கவைக்க வேண்டும் என்பதே. செவிலியர் பற்றாக்குறையால் கோடைக்காலத்தில் சில ஊர்களின் நிலையங்கள் அவசரத்துக்கு மட்டும் திறந்திருக்கின்றன, சில மூடியே கிடக்கின்றன. ஒப்பந்தக்காரர்களைச் சுழற்சியில் அனுப்பச் செலவாகும் பணத்தில் கணிசமானதை, அதே ஊர்ப் பிள்ளைகளைச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவிப்பதற்கும், வெளியிலிருந்து வருபவர் குடும்பத்தோடு தங்க வீடு கட்டுவதற்கும் திருப்ப வேண்டும்.

உங்கள் மகள் ஆறு வாரம் முடித்து வருவார். அந்த ஆறு வாரத்தில் அவர் பெயரை ஊரார் சிலர் கற்றுக்கொண்டிருப்பார்கள். மறுபடி அதே ஊருக்குப் போகிறேன் என்று அவர் சொன்னால், ஸ்கார்பரோவிலேயே வேலை இருக்கிறதே என்று தயவுசெய்து தடுத்துவிடாதீர்கள்.