பதில்: மையக்கருத்து கேட்டா முதல் வரியை எழுதுறாங்க

வணக்கம் டீச்சர். தாராவியில டியூஷன் எடுக்கிறதாவும், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க மையக்கருத்து கேட்டா பத்தியோட முதல் வரியை அப்படியே எழுதுறதாவும் சொல்லியிருந்தீங்க. மாட்டுங்காவுல நானும் இதோட ரொம்ப நாள் போராடியிருக்கேன். பிள்ளைங்க மேல தப்பில்லை. 'மையக்கருத்து'ன்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் பிரிச்சுக் காட்டியிருக்க மாட்டாங்க.

கேள்வியை ரெண்டா உடைச்சுப் பாருங்க. இது யாரைப் பத்தி? அவங்களைப் பத்தி என்ன சொல்ல வருது? நான் டப்பாவாலாக்களைப் பத்தி (மும்பையில வீட்டுச் சாப்பாட்டை டப்பாவுல வேலை செய்யிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவங்க) ஒரு பத்தி எழுதிப் போட்டேன்: வெள்ளைத் தொப்பி, சைக்கிள், லோக்கல் ரயில், டப்பா மூடியில எழுதியிருக்கிற குறி, 1890-ல தொடங்கினது. முதல் கேள்விக்கு எல்லாரும் 'டப்பாவாலா'ன்னாங்க. அது தலைப்புதான், கருத்து இல்லை. அப்புறம் பென்சிலால ஒவ்வொரு வரியா அடிக்கச் சொன்னேன். தொப்பியை அடிச்சா ஒண்ணும் குறையலை. குறியைப் பத்தின வரியை அடிச்சதும் ஒரு பொண்ணு, "அப்போ டப்பா எப்படி சரியான ஆளுக்குப் போகும்?"னு கேட்டா. அங்கதான் பிடி கிடைச்சுது: 'பல கை மாறினாலும் வீட்டுச் சாப்பாடு உரியவங்ககிட்ட போய்ச் சேருது.' இப்படி ஒரு வரி பத்தியில எங்கயுமே இல்லை!

எழுத வைக்கிறதுக்கு முன்னாடி பேச வைங்க. ஊர்ல இருக்கிற ஆச்சிக்கு போன்ல ஒரே மூச்சுல சொல்ற மாதிரி சொல்லட்டும். முதல் வாரம் மட்டும், முக்கியமான வரி கடைசியில வர்ற பத்தியாப் பொறுக்கிக் கொடுங்க.