மகளைப் பள்ளி ஆலோசகரிடம் அனுப்பச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா?

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளைப் பள்ளியின் மனநல ஆலோசகரிடம் அனுப்பச் சொல்லி வகுப்பாசிரியர் கேட்கிறார் என்றும், சம்மதித்தால் அவள் மேல் முத்திரை விழுந்துவிடுமோ, வீட்டு விஷயமெல்லாம் வெளியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சம்மதியுங்கள். 4 ஆண்டுகளுக்கு முன் இதே பயத்தோடு நானும் என் கணவரும் இரண்டு வாரம் முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டோம். அந்த இரண்டு வாரமும் எங்கள் மகள் தனியாகத் தவித்தாள் என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அப்போது அவளுக்கு 12 வயது. திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி வந்துவிடும். சீருடை போட்டிருப்பாள், ஒரு காலில் காலுறையும் மாட்டியிருப்பாள்; மற்றதைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். முகம் வெளிறிப்போயிருக்கும். "சரி, இன்றைக்குப் போக வேண்டாம்" என்று சொன்ன பத்தாவது நிமிடம் வலி நின்றுவிடும். நடிக்கிறாள் என்றார் என் கணவர். ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் தெரியாதபோது நானும் அதையே நம்பினேன்.

அவள் நடிக்கவில்லை. ஆலோசகர்தான் எங்களை உட்காரவைத்து விளக்கினார். பயம் வரும்போது உடல் ஓடுவதற்குத் தயாராகிறது. நெஞ்சு படபடக்கிறது, செரிமானம் தடுமாறுகிறது, வயிறு பிசைகிறது. வலி உண்மையான வலி. வீட்டில் இருக்கலாம் என்றதும் பயம் இறங்குகிறது, கூடவே வலியும் இறங்குகிறது. பள்ளிக்குப் போகாவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற பாடத்தை மனம் படித்துக்கொள்கிறது. அதனால் அடுத்த திங்கட்கிழமை இன்னும் பலமாக வலிக்கும். நாங்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த ஒவ்வொரு விடுப்பும் அவளுக்குப் பள்ளியை இன்னும் தூரமாக்கியிருக்கிறது. திட்டி இழுத்துக்கொண்டு போன நாட்களும் அதே வேலையைத்தான் செய்தன.

திரும்பிப் போவதற்குப் படிப்படியாக ஒரு ஏற்பாடு செய்தார். முதல் மூன்று நாள் ஆலோசகரின் அறையில் ஒரு மணி நேரம் மட்டும். அதன் பிறகு அவளுக்குப் பிடித்த ஓவிய வகுப்பும் அறிவியல் வகுப்பும். பிறகு மதியம் வரை. ஐந்தாவது வாரம் முழு நாள். வலி வந்தாலும் அன்றைய படியிலிருந்து இறங்கக் கூடாது, அவசரப்பட்டு அடுத்த படிக்கும் ஏற்றக் கூடாது என்பது மட்டுமே எங்களுக்கு அவர் சொன்ன விதி. வகுப்பாசிரியருக்கும் இது தெரிந்திருந்ததால் "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று யாரும் வகுப்பில் வைத்துக் கேட்கவில்லை. வெளியில் எந்த மருத்துவரிடம் போயிருந்தாலும் பள்ளிக்குள் இந்த ஒத்துழைப்பு இவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்காது.

முத்திரை பற்றிக் கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. உங்கள் மகளின் வகுப்பிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் 25 வரிகள் கொண்ட ஒரு வினாத்தாளைத் தரக்கூடும். ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்டது அது. பெற்றோர், ஆசிரியர், 11 வயதைத் தாண்டிய பிள்ளை என ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்பலாம். எங்கே கவனம் தேவை என்று காட்டுமே தவிர, நோய் இருக்கிறது என்று அந்தத் தாள் தீர்ப்புச் சொல்லாது. குறிப்புகளை யார் வைத்திருப்பார்கள், யாரெல்லாம் பார்க்க முடியும் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இனி ரகசியம். என் பிழை அங்கேதான். பிள்ளை சொல்வது அறையைத் தாண்டாது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து, பிறருக்கு ஆபத்து, யாராவது அவளைத் துன்புறுத்துவது ஆகிய மூன்றில் ஏதாவது இருந்தால் மட்டும் சொல்வேன் என்று முதல் நாளே எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டு ஆலோசகர் சொல்லியிருந்தார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் முதல் சந்திப்பு முடிந்து வெளியே வந்தவளிடம் வாசலிலேயே, "என்ன கேட்டார்? என்னைப் பற்றி என்ன சொன்னாய்?" என்று ஆரம்பித்துவிட்டேன். அடுத்த வாரம் அந்த அறையில் அவள் வாயே திறக்கவில்லை. "இங்கே பேசியதை வீட்டில் ஒப்பிக்க வேண்டியிருந்தால் அவள் இங்கேயும் பேசமாட்டாள், அம்மா" என்றார் ஆலோசகர்.

கேட்பதை நிறுத்தினேன். மிகவும் கடினமாக இருந்தது. ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்: "நீங்கள் இரண்டு பேரும் ராத்திரி என் மார்க்கைப் பற்றிச் சண்டை போடும்போது நான் எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன். இருநூறு எண்ணுவதற்குள் நின்றுவிட்டால் அது நல்ல நாள்." கையிலிருந்த துணியை மடிக்க முடியாமல் நின்றேன். வீட்டு விஷயம் வெளியே போய்விடுமோ என்று பயந்த எனக்கு, என் வீட்டு விஷயம் அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு இரண்டு முறை நானும் கணவரும் ஆலோசகரைப் போய்ப் பார்த்தோம். பிள்ளைக்கு மட்டும்தான் கவுன்சலிங் என்று நினைக்காதீர்கள். கூப்பிட்டால் இருவரும் போங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "வாழ வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?" என்று ஆலோசகர் பிள்ளையிடம் நேரடியாகக் கேட்கலாம். இப்படிக் கேட்டார் என்று தெரிந்ததும், இல்லாத எண்ணத்தை ஊட்டுகிறாரே என்று நான் கொதித்துப்போனேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. மனதுக்குள் அது இருக்கிற பிள்ளைக்குத்தான், யாரோ கேட்டார்களே என்ற நிம்மதி வருகிறது. உங்கள் மகள் வீட்டில் அப்படி ஏதாவது சொன்னால் பள்ளி ஆலோசகரின் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பள்ளி ஆலோசகர் மருந்து எழுதிக் கொடுப்பவர் இல்லை; தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

வகுப்பாசிரியருக்கு நாளையே சரி என்று சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் இன்று இரவு மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்: "நீ தப்பு எதுவும் செய்யவில்லை. பேசுவதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார். அங்கே என்ன பேசினாய் என்று நான் கேட்கமாட்டேன்."