மெழுகுவர்த்தி ஏன் சுவரெல்லாம் கரியாக்குகிறது?

கேள்வி: கரண்ட் போனால் ஜன்னல் ஓரம் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். சுவரெல்லாம் கரி. ஒரு பக்கமாகவே வடிந்து சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. மெழுகு மட்டமா?
– வாசகி, செல்லூர், மதுரை

பதில்: மெழுகைக் குறை சொல்லுமுன் திரியைப் பாருங்கள். சிம்னி விளக்கில் திரியை அதிகம் தூக்கினால் கண்ணாடி கரி பிடிக்குமே, அதே கதைதான் இங்கேயும்.

எரிவது மெழுகின் ஆவி. சுடரின் சூட்டில் உருகிய மெழுகு திரியின் இழை வழியே மேலேறி, ஆவியாகி, அப்புறம்தான் எரிகிறது. ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தி பற்றிய உரைத்தொடரைத் தொடங்கிய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, சுடரின் நடுவிலிருந்து இந்த ஆவியைக் கண்ணாடிக் குழாயில் இழுத்து, மறுமுனையில் எரியவிட்டுக் காட்டினார். எனக்கு இன்றும் அலுக்காத சோதனை அது.

சுடருக்குள் காற்று போதாத இடத்தில் கரித்துகள் உண்டாகிறது. அது பழுத்து ஒளிர்வதுதான் நாம் பார்க்கும் மஞ்சள் வெளிச்சம். எவர்சில்வர் கரண்டியை மஞ்சள் பகுதியில் ஒரு நொடி பிடித்தால் கறுத்துவிடும். நல்ல சுடரில் இந்தக் கரி விளிம்புக்கு வந்ததும் எரிந்து தீர்ந்துவிடும். திரி நீளமாக இருந்தால் மெழுகு அதிகமாக ஏறும், அதற்கு ஈடான காற்று கிடைக்காது. ஜன்னல் காற்றில் சுடர் ஆடினாலோ குளிர்ந்துவிடும். இரண்டிலும் கரி எரியாமல் தப்பித்து உங்கள் சுவருக்கு வருகிறது. சாய்ந்த சுடர் ஒரு பக்க விளிம்பை மட்டும் உருக்குவதால், எரிய வேண்டிய மெழுகு தட்டில் வழிந்து கிடக்கிறது.

சரி, ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள். ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். லாந்தர் கண்ணாடியால் மூடுவதானால், காற்று கீழிருந்து நுழைய அடியில் நாணயங்களை வைத்துச் சற்று உயர்த்துங்கள்.

சாதாரண பாரஃபின் மெழுகு உருக 50 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் 40-ஐத் தொடும் நம் சித்திரை வெயிலிலேயே நெகிழ்ந்து வளைந்துவிடும். வளைந்தது எப்படி வைத்தாலும் வடியும். அதனால் அலமாரியின் கீழ்த்தட்டில் படுக்கவைத்திருங்கள்.

அணைக்கும்போது ஊத வேண்டாம். கரண்டி நுனியால் திரியை உருகிய மெழுகில் முக்கி உடனே நிமிர்த்திவிடுங்கள். புகை வராது; மெழுகு ஊறிய திரி அடுத்த முறை சட்டென்று பற்றிக்கொள்ளும்.