பதில்: 2009இல் தேர்வானவருக்கு 2011இல் புதுமுக விருதா?

வினாடி வினாவுக்கு எடுத்த பட்டியலில், 2009இல் அணிக்குத் தேர்வான பிளேக் கிரிஃபின் 2011இல் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சிறந்த புதுமுக வீரர் என்று இருப்பது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை, அடித்துவிடாதீர்கள். தேர்வான ஆண்டு கணக்கில்லை. முதன்முதலாகக் களமிறங்கிய சீசன்தான் கணக்கு. சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டத்தில், பந்தை வளையத்தில் அறைந்துவிட்டு இறங்கும்போது அவருக்கு இடது முழங்கால் சில்லில் அடிபட்டது. பாவம், வருடம் முழுக்க ஓரமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் வந்த சீசனில் 82 ஆட்டமும் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரி 22.5 புள்ளி, 12.1 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அத்தனை முதலிட வாக்கும் அவருக்கே! 2016இல் தேர்வாகி 2018இல் வாங்கிய பென் சிம்மன்ஸ் கதையும் இதேதான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கேள்வியில் மட்டும் ‘முதல் சீசன்’ என்று மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.